அலுமாரிக்குப் பின்னால் வைத்த மரியாள்

பழைய ஓவியங்களைச் சந்தேகிப்பதற்காக முப்பது வருடம் சம்பளம் வாங்கியவள் நான். வீட்டில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள் என்று என் மனுசன் சொல்லுவார். பொய்யில்லை. நான் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மீன் கடைக்காரர் 'இண்டைக்கு வந்தது அக்கா' என்று சத்தியம் பண்ணினாலும் நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை.

போன மாதம் சுமதி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். சென்னைப் பெண், இரசாயனம் படித்தவள். நான் வேலை செய்த பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே அவள் பொறுப்பில் இருந்தது, இப்போது கூடமே அவள் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறை வாங்கியிருக்கிறார்களாம். ஓவியத்தின் போட்டோவைக் கொடுத்தால் எந்தப் பட்டறை, எந்தக் கை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுமாம். "அக்கா, இந்தப் பசங்க படத்தைத் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வேலை செஞ்ச விதத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றாள். பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு பக்கத்தில் வைக்க முடியாமல் போனதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் அந்தக் கூடத்துக்குள் போனது தரை துடைக்க. அகதியாக வந்து இரண்டாவது வருடம். ஒருநாள் பெட்டிகளைத் துடைக்கும்போது, ஒரு பெட்டியில் நான்கு ஆணியில் தூசி இருந்தது, இரண்டில் இல்லை. வழியில் யாரோ திறந்து திரும்பவும் அடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அங்கே தலைவியாக இருந்த மதாம் ஓடில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த கிழமையே துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுப் பெட்டி பிரிக்கும் வேலை தந்தார். பிறகு பகுதிநேரமாக ஆறேழு வருடம் படித்தேன், பரீட்சை எழுதினேன். அது எல்லோரும் படுகிற பாடுதான், நீட்டவில்லை.

என் கைக்கு வந்தவை பெரும்பாலும் ஐந்நூறு வருடத்துக்கு முன் ஃபிளாண்டர்ஸிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் மரப்பலகையில் வரைந்த படங்கள். மறுமலர்ச்சி என்றவுடன் எல்லோரும் இத்தாலிக்குத்தான் ஓடுவார்கள். பளிங்குச் சிலை, அரண்மனைச் சுவர். வடக்கே குளிரும் ஈரமும். அங்கே சுவரை விட்டுவிட்டு ஓக் பலகையைப் பிடித்தார்கள். அதில் சுண்ணாம்பு மாவையும் பசையையும் குழைத்துப் பூசி, வழவழப்பாக்கி, அதன்மேல் எண்ணெயில் குழைத்த வண்ணத்தை மெல்லிய மெல்லிய படையாக ஏற்றினார்கள். ஒரு படை காய்ந்தபின் அடுத்தது. அதனால்தான் அந்தப் படங்களில் கண்ணீர்த்துளியும், கம்பளி மயிரும், நகக்கண்ணில் உள்ள அழுக்கும்கூடத் தெரிகிறது. வாங்கியவர்களும் அரசர்கள் மட்டுமல்ல. துணி வியாபாரியும் உப்பு வியாபாரியும் காசு கொடுத்து, மரியாளுக்குப் பக்கத்தில் தங்களையும் முழங்காலில் இருத்தி வரைவித்துக்கொண்டார்கள்.

இந்தக் கதைக்கு வேண்டிய விசயம் இதுதான். வாங்க ஆள் கூடியபோது ஆண்ட்வெர்ப் போன்ற துறைமுக ஊர்களில் படங்கள் சந்தைப் பொருளாகிவிட்டன. ஒரு மரியாள் நன்றாக விற்றால் பட்டறை அதே மரியாளைத் திரும்பத் திரும்பச் செய்தது. கோட்டுப்படத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, பலகையில் வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். எங்கள் வீடுகளில் ஓட்டை போட்ட கோலத்தட்டில் மாவைத் தட்டுவது போலத்தான். அகச்சிவப்புக் கமெராவில் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் அந்தப் புள்ளிகள் இன்றைக்கும் வரிசையாகத் தெரியும். அதனால் ஒரே முகம், ஒரே விரல், ஒரே மடிப்பு உள்ள படங்கள் நான்கு ஐந்து உலகத்தில் இருக்கலாம். அத்தனையும் அசல். எது யாருடையது என்பதுதான் சண்டை.

மதாம் ஓடிலின் முறை ஒன்று இருந்தது. படம் வந்த முதல்நாள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முதுகையும் நான்கு ஓரத்தையும் பார்த்துக் குறிப்பு எழுதி முடிக்குமட்டும் முகத்தைப் பார்க்க விடமாட்டார். முகம் கெஞ்சும், முதுகு கெஞ்சாது என்பார். அறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். தானே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் படத்துக்குக் கிட்டப் போவார். நாங்கள் எழுதிய அறிக்கையை எங்களுக்கு முன்னாலேயே சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு வசனம் முடியவும் மேசையில் பென்சிலைத் தட்டி, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் வசனம் போய்விடும். இத்தனை வருடத்தில் ஒரு படத்தையாவது அசல் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'இன்னும் பிழை பிடிபடவில்லை' என்பதுதான் அவர் தருகிற அதிகபட்சப் பாராட்டு. எனக்கு அவர் முறை நன்றாகப் பிடித்தது, ஏனென்றால் அது என் குணத்துக்குப் பொருந்தியது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன் வந்தது அந்த மரியாள். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கக்கூடிய பலகை. மடியில் குழந்தை, பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே விரல் நகமளவு ஊர். இல்-பிசாரில் இருந்த ஒரு குடும்பம் தாத்தா வாங்கியது என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. விற்பனைப் பட்டியலில் படத்தைக் கண்டு, அது தன் தகப்பனுடையது என்று ஒரு அம்மா வழக்குப் போட்டார். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் தனியாக இருந்த மதாம் எஸ்தேர். எண்பதை நெருங்கும் வயது. யூதக் குடும்பம். ஜெர்மன் படை பெல்ஜியத்தில் நின்ற காலத்தில் வீட்டுக்குள் புகுந்து அந்தப் படத்தையும் தகப்பனையும் கொண்டுபோனார்களாம். தகப்பன் திரும்பவில்லை. அப்போது அவருக்கு ஐந்து வயது.

அவர் கையில் இருந்த ஆதாரம் போருக்கு முந்திய ஒரு மங்கல் கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதில் இதே மரியாள்தான். ஆனால் மேலே சொன்னேனே, இதே மரியாள் வேறும் உண்டு. தாத்தா வாங்கியது இன்னொன்று என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னார். இரண்டு பக்கமும் சம்மதித்து எங்களிடம் விட்டார்கள். இந்தப் பலகைதான் அந்தப் பலகை என்று மரமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. போட்டோவைத் தவிர அந்த வீட்டிலிருந்து மிஞ்சியது உலகத்தில் அது ஒன்றுதான்.

முதுகில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பலகை வளையாமல் இருக்க யாரோ ஒரு திருத்துநர் பின்பக்கத்தைச் சீவி, மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருந்தார். ஒரு காலத்தில் அது பெரிய வைத்தியம் என்று நினைத்தார்கள். அதோடு முத்திரை, எழுத்து, பழைய சீட்டு, எல்லாம் போய்விட்டன. புழு அரித்த ஓட்டைகள் மட்டும் சட்டங்களுக்கு இடையில் தெரிந்தன. எக்ஸ்ரேயில் அந்தச் சட்டங்கள் ஜன்னல் கம்பிபோல் குறுக்கே நின்று கண்ணைக் குழப்பின. இடது ஓரத்தில் சட்டத்தின் நிழலுக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் சில கிடந்தன. உலோகம். "சட்டத்துக்கு அடித்த சிற்றாணிகள், திருத்துநர் வேலை" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மூளை என்னைவிட்டுப் போன இடம் இது.

மதாம் எஸ்தேரை இரு வக்கீல்களுக்கும் முன்னால் கூடத்துக்கு அழைத்துக் கேள்வி கேட்டோம். சின்ன உருவம், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை, கையில் மடித்த கைக்குட்டை. படத்தை வர்ணிக்கச் சொன்னேன். குழந்தையின் கால், ஜன்னல், மரியாளின் சாய்ந்த தலை எல்லாம் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஐந்து வயதில் கண்டதை இவ்வளவு ஒழுங்காக யாருக்குச் சொல்ல வரும்? மேலாடை என்ன நிறம் என்று கேட்டேன். கொஞ்சம் நின்று, நீலம் என்றார்.

சிவப்பு. அந்த மரியாளின் மேலாடை கழுத்திலிருந்து கால்வரை சிவப்பு. மரியாளுக்கு நீலம் என்பது எல்லோருடைய நினைப்பு. ஃபிளாண்டர்ஸ்காரர் சிவப்பும் நிறையவே போர்த்தினார்கள், ஆனால் அது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். கறுப்பு வெள்ளைப் போட்டோவைப் பார்த்துப் பாடமாக்கிய ஆள் நீலம் என்றுதான் சொல்லும். பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோசம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். படத்தின் முதுகுப் பக்கம் ஏதாவது ஞாபகமா என்று அடுத்துக் கேட்டேன். அவர் கைக்குட்டையை விரித்தார், மடித்தார், விரித்தார். ஒன்றும் ஞாபகமில்லை என்றார். முகத்தைப் பற்றி அவ்வளவு கதைத்தவர் முதுகு என்றதும் வாயை மூடியதைப் பார்த்து, இந்த அம்மா எதையோ ஒளிக்கிறார் என்று உறுதியாக நினைத்தேன்.

அன்றே வரைவு எழுதினேன். 'உரிமை கோருபவர் இந்த ஓவியத்தைக் கண்ணால் கண்டதில்லை.' மதாம் ஓடில் வாசித்து, பென்சிலைத் தட்டி, எப்படித் தெரியும் என்று கேட்டார். நீலத்தைச் சொன்னேன். வசனம் நின்றது. முன்னால் இருந்த சுமதிக்கு மட்டும் மனமில்லை.

"பாவம் அக்கா, வயசானவங்க. பயத்துல தப்பா சொல்லியிருக்கலாம்ல?"

"பயப்பிடுற ஆக்கள் பொய் சொல்லுறேல்லையோ? நான் சொன்னனான்" என்றேன். அது உண்மை. என்னுடைய அகதி விசாரணையில், போலிக் கடவுச்சீட்டை யார் தந்தது என்று கேட்டபோது தெரியாது என்று சொன்னேன். தந்தது என் சொந்த அண்ணன், அவர் அப்போது இன்னும் கொழும்பில் இருந்தார். நான் தயங்கியதைக் குறித்து வைத்துக்கொண்டு, என் கதை முழுவதையுமே நம்ப முடியாது என்று எழுதினார்கள். மேல்முறையீட்டில்தான் தப்பினேன். அப்படி எழுதியவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதே மேசையின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு அதையேதான் நானும் செய்தேன், அப்போது அது எனக்கு உறைக்கவேயில்லை.

அறிக்கை போவதற்கு முன் எக்ஸ்ரே படங்களுக்குப் பெயர் போட்டு அடுக்க வேண்டும். சுமதி ஒவ்வொன்றாக வெளிச்சப் பெட்டியில் வைத்தாள். இடது ஓரப் படம் வந்ததும், "இது எந்த மாதிரி ஆணி அக்கா? தலையே காணோமே, இவ்ளோ மெல்லிசா இருக்கு" என்றாள். தலையில் குட்டு விழுந்தது போலிருந்தது. அந்தச் சட்டங்களை ஆணி அடித்துப் பூட்டுவதில்லை, பசையால்தான் ஒட்டுவார்கள். இது முதல் வருட மாணவிக்கும் தெரியும். இத்தனை வருட அனுபவக்காரி நான் 'ஆணி' என்று எழுதியிருக்கிறேன்.

லென்சை வைத்து எண்ணினேன். ஏழு. எல்லாம் புழு ஓட்டைகளுக்குள் இருந்தன. தையல் குண்டூசிகள். சீவும்போது தலைப்பக்கம் போய் நுனிகள் மட்டும் உள்ளே தங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று வரிசை இல்லை. ஆனால் எல்லாமே ஒரு ஓரத்திலிருந்து என் முழங்கை நீளம்கூட வராத தூரத்துக்குள். அதற்கு அப்பாலும் புழு ஓட்டைகள் நிறைய, ஒன்றில்கூட ஊசி இல்லை. திருத்துநர் யாரும் இப்படிச் செய்யமாட்டார். விற்பவரும் செய்யமாட்டார். ஒடுங்கிய இடைவெளிக்குள் கையை விட்டு, எட்டிய ஓட்டைகளில் எல்லாம் குத்தி விளையாடின சின்னக் கை அது.  

மதாம் ஓடிலிடம் போய், என் வசனம் சரி, நான் பிழை என்றேன். அந்த அம்மா முகத்தைக் கண்டதில்லை என்பது உண்மைதான், முதுகைத்தான் கண்டிருக்கிறார் போலும் என்றேன். அவர் எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தார். ஊசி என்ற சொல்லை நாங்கள் வாயால் எடுக்கக்கூடாது, எடுத்தால் சாட்சி செத்துவிடும் என்றார். பதில் உள்ளே இல்லாத கேள்வியாகக் கேட்க வேண்டும், இரண்டு பேராகப் போக வேண்டும். வக்கீல்களிடம் அனுமதி வாங்கி, மஞ்சள் பாதை மெத்ரோவில் ஆற்றுக்குக் கீழால் இருவரும் லொங்குய் போனோம்.

சின்ன பங்களா. கோப்பி ஊற்றித் தந்தார். நான் ஒரு கேள்விதான் வைத்திருந்தேன். இந்தப் படத்தின் முகத்தை நீங்கள் அந்த நாளில் பார்த்தீர்களா என்று கேட்டேன். கோப்பையை மேசையில் வைத்தார். பிரெஞ்சில் சொன்னார், எனக்கு அது எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"இல்லை. நான் பாக்கேல்லை. முகத்தைத் துணியாலை மூடித்தான் வீட்டுக்கு வந்தது. அப்பா அலுமாரிக்குப் பின்னாலை சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சவர். போட்டோவைப் பாத்துத்தான் சொன்னனான். வக்கீல் பாடமாக்கச் சொன்னவர்."

 மதாம் ஓடில் பென்சிலைக்கூட எடுக்கவில்லை.

"அலுமாரிக்கும் படத்துக்கும் இடையிலை என்ரை கை மட்டும் போகும். பலகையிலை ஓட்டை ஓட்டையா இருந்தது. அம்மாவின்ரை ஊசிப் பெட்டியிலை இருந்து எடுத்துக் குத்துவன். உள்ளுக்குள்ளை போய் இறுகிவிடும்."

எத்தனை என்று கேட்டேன்.

"எனக்கு அப்ப அஞ்சு மட்டும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேலையும் இருந்தது."

 இனிப் போதும், படம் உங்களுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். மதாம் ஓடில் மேசைக்குக் கீழால் என் கையைப் பிடித்து அமுக்கினார். அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை.

அப்பாவைத் தேடி அடிக்கடி ஒரு கூட்டாளி வருவாராம். வரும்போதெல்லாம் இனிப்புக் கொண்டுவருவாராம். ஒருநாள் அப்பா வரத் தாமதம், அம்மா குசினியில். அவர் இந்தப் பிள்ளையிடம், உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டாராம். பிள்ளை அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அலுமாரிக்குப் பின்னால் தன் ஊசிகளைக் காட்டியதாம். அவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தாராம். இரண்டு நாளில் ஜெர்மன்காரர் வந்தார்கள். ஒரு அறையும் தேடவில்லை, நேரே அந்த அலுமாரியைத்தான் இழுத்தார்கள். ஒளித்த குற்றத்துக்கு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"மேல்மாடியிலை இருந்த மனுசிதான் காட்டிக் குடுத்தவள் எண்டு அம்மா நம்பினா. சண்டை முடிய, தெருவிலை நிண்டு அவளுக்கு மண் அள்ளிப் போடாத குறையாத் திட்டினா. அந்தத் தெருவிலை பேந்து ஒருத்தரும் அவளோடை கதைக்கேல்லை. வீட்டை விட்டிட்டுப் போனாள். அம்மா சாகுமட்டும் அவளைத்தான் சபிச்சவா. நான் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. ஒருநாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அதுதான் அவர் ஒளித்தது. சந்தேகப்பட்டது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு உரிமையும் இருக்கவில்லை. எழுபது வருடம் நெஞ்சில் அதை வைத்துக்கொண்டு வந்த மனுசியை, நீலம் என்று சொன்னதற்காகக் கள்ளி என்று எழுதியவள் நான். தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதிலிருந்து வாயால் சொல்லி என்ன பயன்?

மதாம் ஓடில்தான் முதலில் வாய் திறந்தார். ஊசி எப்படி வந்தது என்பது மட்டும் அறிக்கைக்குப் போதும், அதை யாருக்குக் காட்டினீர்கள் என்பது தேவையில்லை, விட்டுவிடலாம் என்றார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஒரு சொல்லை மறைத்தாலும் பென்சிலைத் தட்டுகிற மனுசி, தானாக ஒன்றை மறைக்கச் சொன்னது அன்றைக்குத்தான். நானும், ஓம், விடுவம் என்றேன்.

மதாம் எஸ்தேர் தலையை ஆட்டினார். "விடவேண்டாம். எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ." பிறகு மேல்மாடிப் பெண்ணின் பெயரைச் சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொன்னார், நான் பிழைவிடாமல் எழுதுகிறேனா என்று என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். என் பழைய வசனத்தை வெட்டினேன், என் 'ஆணி'யையும் அது என் பிழை என்று சொல்லித் திருத்தினேன். மதாம் ஓடில் அந்த அறிக்கையைச் சத்தமாக வாசித்தபோது ஒரு இடத்திலும் பென்சில் தட்டவில்லை. இல்-பிசார் குடும்பம் வாசித்துவிட்டு வழக்கை நடத்த விரும்பவில்லை என்று படத்தை விட்டுக் கொடுத்தது. நல்ல ஆட்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தைக் கையளிக்கும் நாளில் மதாம் எஸ்தேர் வந்தார். மேசையில் மரியாளை முகம் தெரிய நிறுத்தி வைத்திருந்தோம். அவர் முதல்தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார். சிவப்புத்தான், என்றார். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. படத்தை வக்கீல் எடுத்து வைப்பார், எனக்கு அறிக்கைதான் வேண்டும் என்று கை நீட்டினார். ஒரு பிரதியை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னொண்டு தாங்கோ" என்றார். "அந்த மேல்மாடி மனுசியின்ரை பேரப்பிள்ளை ஒராள் பெல்ஜியத்திலை, லியேஜிலை இருக்கிறா. விலாசம் எடுத்திட்டன்."